மெதுவாக வெடித்த பாறை

கூனம்பாறையில், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலரை மணிக்கு மூன்றாவது எச்சரிக்கைச் சங்கும் ஊதி ஓய்ந்த பிறகு, கல்குவாரிக்காரி துளசிமணி வெடிப்பெட்டியின் பித்தானை வழக்கம்போலத் தன் கட்டைவிரலாலேயே அழுத்தினாள். பாறை வெடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வெடிக்கத் தொடங்கிவிட்டது, தொடங்கிவிட்டு, அவசரமில்லாத ஆள் ஒருத்தர் வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற மாதிரி, மெதுவாக வெடித்துக்கொண்டிருந்தது.

சத்தமில்லை, புகையில்லை, தூசியில்லை. குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் நின்ற கொக்கு கால் மாற்றி வைக்கவில்லை. வெடிக்காத குழியென்றால் அரைமணி நேரம் யாரும் கிட்டே போகக் கூடாது. துளசிமணி அதைக் கால்மணியாக்கச் சொல்லிக் கத்தினாள். வெடிக்காரர் பொங்கியண்ணன் சரி சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே முழு அரைமணியும் நின்றுவிட்டு, அப்புறம் போய்க் குனிந்து பார்த்தார்.

"அக்கா! குழிக்கு அடியில நூல் மாதிரி ஒண்ணு போகுதுங்க!"

"போச்சா, போகுதா? ஒழுங்காச் சொல்லு!"

"போகுதுங்கக்கா. நான் பேசறப்பவும் போயிட்டேதான் இருக்குது."

துளசிமணி காத்திருந்து பழகாதவள். பன்னிரண்டு வயதில் இதே குவாரியில் பாண்டுச் சட்டியில் ஜல்லி சுமக்க வந்தவள். ஒரு நாள், கூலி கூடக் கேட்டதற்கு, அன்றைக்கு இருந்த மேஸ்திரி, "உன்ற தலைக்கு ஜல்லிதான் புள்ள, முழுக்கல்லுன்னா என்னான்னு உன்ற கண்ணு பாக்காது" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நாற்பது வருசம் நடந்து, முதலில் சட்டியை, அப்புறம் ஒரு ஓட்டை லாரியை, அப்புறம் அந்தக் குவாரியையே வாங்கிவிட்டாள். வாங்கியதெல்லாம் வாயால் வாங்கியது. டாக்டர் மூன்று வேளை மாத்திரை என்றால் இரண்டு வேளைக்கு முடித்துக்கொள்வாள். பேருந்து நடத்துநரிடம் நிறுத்தத்துக்கு இருபதடி தள்ளி இறக்கிவிடச் சொல்லி ஜெயிப்பாள். மாகாளியாத்தாளுக்குக் கிடா வேண்டிக்கொள்கிற இடத்தில் இவள் சேவலில் ஆரம்பிப்பாள். விலை ஒத்துவராவிட்டால் கோபம் வரும். ஒத்துவந்துவிட்டால், இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று அதைவிடப் பெரிய கோபம் வரும்.

அன்றைக்கு வெடி வைத்ததே ஆனைமுதுகுக்காகத்தான். கூனம்பாறை என்கிற ஊரே ஒற்றைப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். மேற்கே குவாரி, நடுவில் வீடுகள், வடகிழக்கே வடக்குத் தெரு. வடக்குத் தெருவுக்குச் சற்று முன்னால், படுத்த யானையின் முதுகு மாதிரி ஒரு பாறை மேடு. முப்பதடி நீளத்துக்கு ஒரு பொடி நரம்போ கீறலோ இல்லாத முழுக்கல். சுத்தியால் எங்கே தட்டினாலும் வெண்கலம் மாதிரி ஒரே குரலில் பேசும். துளசிமணி அதன் நடுவயிற்றில் சிவப்புப் பெயிண்டால் 'து' என்று எழுதி வைத்திருந்தாள். பெயிண்ட் போட்ட கல்லை வேறு ஆள் தொடுவதில்லை என்பது கல் தொழிலில் எழுதாத சட்டம். அதை முழுசாக அறுத்துத் தூக்கப் பெரிய கிரேன் வரவேண்டும், கிரேன் வரப் பாதை வேண்டும், பாதைக்கு ஜல்லி வேண்டும், எல்லாம் மழைக்கு முன்னால் வேண்டும்.

குவாரி வெடியால் ஊருக்குப் பாதிப்பு வருமா என்று ஆராய்ச்சி பண்ண ஒரு பெண் வந்திருந்தாள். பெயர் சபீனா, திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருப்பவர் மகள். குவாரியின் லாரி எடைமேடை அறையின் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் பெட்டிகள் நாலைந்தை அடுக்கிவைத்து, கூனம்பாறையை அப்படியே அதற்குள் செய்து வைத்திருந்தாள்: கோடிக்கணக்கான மணிகள், ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியைக் கயிறு கட்டிப் பிடித்திருக்கும், வெடியின் அடி வந்து விழும்போது எந்தக் கயிறு அறும், எந்தக் கயிறு தாங்கும் என்று பெட்டி ஒவ்வொன்றாகக் கணக்குப் போடும்.

"கணக்குப் போட எத்தன நாளாகும் கண்ணு?" என்று வெடிக்கு முதல்நாள் துளசிமணி கேட்டாள்.

"நூறு நாள் ஆகும்க்கா."

"பாறை வெடிக்கவா?"

"வெடிக்கறது கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிரும். அந்தச் சிமிட்டலுக்குள்ள என்னென்ன நடக்குதுன்னு பாக்கறதுக்கு நூறு நாள்."

"பத்துன்னு வெச்சுக்க."

"இதெல்லாம் பேரம் பேசற விஷயம் இல்லக்கா."

"பேரம் பேசாத விஷயம் ஒண்ணு இருந்தாக் கொண்டாந்து காட்டு, பாக்கறேன்."

"மருந்தையாவது நான் எழுதிக் குடுத்த அளவுக்கு வைங்க. பாறையை மெதுவா அழுத்துனா, யோசிச்சு ஒரே இடத்துல விட்டுக்குடுக்கும். படார்னு அடிச்சா, யோசிக்க நேரம் இல்லாம எங்க எங்கயோ கிழிஞ்சுக்கிட்டுப் போகும்."

துளசிமணி ஒன்றரை மடங்கு மருந்து வைக்கச் சொன்னாள். "உன்ற பொட்டி யோசிச்சு முடிக்கிற வரைக்கும் பாறை காத்திருக்காது கண்ணு" என்றும் சொன்னாள். பொங்கியண்ணன் மனசு கேட்காமல் உண்மையான அளவை அந்தப் பெண்ணின் காதில் போட்டுவைத்தார். அவள் அழுகை வருகிற கோபத்தோடு அதே அளவைப் பெட்டிக்குள் போட்டு, மூன்றாவது சங்கு ஓய்ந்த அதே நொடியில் கணக்கை ஓடவிட்டாள்.

அந்தப் பக்கம் கணக்கு ஓட, இந்தப் பக்கம் கட்டைவிரல் அழுத்த, பாறை காத்திருந்தது. கணக்கு எவ்வளவு தூரம் போயிற்றோ, அவ்வளவு தூரத்துக்கு மட்டும் கிழிந்தது.

ஒரு நாளைக்கு ஏழு முழம். கொஞ்சம் முன்னே பின்னே. முதல் வாரத்தில் விரிசல் ஏழாகப் பிரிந்தது. ஆறு கிளைகள் குவாரிக்குள்ளேயே சுற்றிச் சோர்ந்து செத்தன. ஏழாவது மட்டும் குவாரி வேலியைத் தாண்டி, தார் ரோட்டைத் தாண்டி, தலைமுடி அகலத்தில், ஊருக்குள் நடந்து வந்தது. சபீனாவின் திரையில் சிவப்பாக ஒரு கோடு எங்கே நின்றதோ அங்கேதான் வெளியே விரிசலின் நுனி நின்றது. இதில் ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை, அவரவருக்கு ஆகவேண்டிய காரியம் இருந்தது.

டீக்கடைச் சென்னியப்பன் போண்டா, பஜ்ஜி என்று எழுதுகிற பலகையின் கீழ், இன்றைக்கு விரிசல் யார் வீட்டில் என்று எழுத ஆரம்பித்தார். தையல்காரர் மெஷினை இரண்டு நாள் முன்னதாகவே நகர்த்திவைத்து, விரிசல் கடையைக் குறுக்கே கடந்துபோன பிறகு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆண்கள் துணி, அந்தப் பக்கம் பெண்கள் துணி என்று பிரித்துக்கொண்டார். பதினேழு வருசமாக வரப்புத் தகராறில் இருந்த அண்ணன் தம்பி நிலத்தின் குறுக்கே அது போனபோது, அண்ணன் தனக்கு ஒரு அடி கூட வந்ததென்று சந்தோசப்பட்டார், தம்பியும் தனக்கு ஒரு அடி கூட வந்ததென்று சந்தோசப்பட்டார், அளந்து பார்க்க இரண்டு பேருக்குமே தைரியமில்லாததால் தகராறு தீர்ந்தது. பெண்கள் வாசலில் வந்த விரிசலையே நடுக்கோடாக வைத்து இரண்டு பக்கமும் கோலப்புள்ளி வைத்தார்கள். கல்யாணப் பத்திரிகையில், விரிசல் மண்டபத்தைக் கடந்த பிறகு வரும் முகூர்த்தம் என்று அச்சடித்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், குவாரி எல்லையைத் தாண்டிவிட்டதால் இது எங்களுடையது இல்லை என்று ஒரு ஜீப்பும், தண்ணீர் ஓடாததால் எங்களுடையதும் இல்லை என்று இன்னொரு ஜீப்பும் திரும்பிப்போயின.

ஊர் பயந்தது சத்தத்துக்கு மட்டும்தான். அவ்வளவு மருந்தின் சத்தம் இன்னும் வரவில்லையே, அது எங்கே?

"உள்ளதான் இருக்கு. விரிசல் எங்க முடியுதோ அங்க வெளிய வரும்" என்றாள் சபீனா.

மளிகைக் கடையில் காதில் அடைக்கப் பஞ்சு வந்து இறங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள யாரோ பல்லைக் கடிச்சிட்டு இருக்காங்க" என்றார்கள். அதைக் கேட்ட துளசிமணிக்கு ஏனோ தன் தாடை வலிப்பது தெரிந்தது.

சிவப்புக் கோடு கடைசியில் எங்கே போகும் என்று முப்பதாம் நாள் வாக்கில் சபீனாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனைமுதுகுக்கு அந்தப் பக்கம், ஏந்திய கை மாதிரி பாறை குழிந்து தண்ணீர் தேங்கிய ஒரு சுனை இருந்தது. குழாயில் தண்ணீர் வராத சித்திரை வைகாசியில் வடக்குத் தெருவின் எழுபது வீடும் குடிப்பது அந்தச் சுனையைத்தான். நூறாம் நாள் உச்சிப்பொழுதில் விரிசல் அதன் அடிக்குப் போய்ச்சேரும். கையில் ஒரு விரலை விரித்தால் போதுமே, ஏந்திய தண்ணீர் நிற்குமா?

துளசிமணி எடைமேடை அறைக்குள் புயல் மாதிரி நுழைந்தாள். "பொட்டியை நிறுத்து."

நிறுத்தினார்கள். விரிசலும் நின்றது. மூன்று நாள் ஊர் நிம்மதியாகத் தூங்கியது. நாலாம் நாள் காலை, பெட்டி நின்றிருக்கும்போதே, விரிசல் அந்த மூன்று நாள் நடையையும் ஒரே மூச்சில் நடந்து, பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரைச் சாய்த்துவிட்டுப் போனது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு பெட்டியை நிறுத்த யாரும் சொல்லவில்லை.

"அக்கா, ஒரு வழி இருக்கு" என்றாள் சபீனா. "விரிசலுக்குப் பலமெல்லாம் நுனியிலதான். நுனி கூரா இருக்கற வரைக்கும் கிழிச்சுக்கிட்டே போகும். அது வர்ற வழியில வட்டமா ஒரு ஓட்டை போட்டு வெச்சோம்னா, அதுக்குள்ள வந்து விழுந்ததும் கூர் போயிரும். அப்புறம் அதால எதையும் கிழிக்க முடியாது."

"இவ்வளவுதானா? எங்க போடறது?"

"நல்ல கனமான, நரம்பில்லாத கல்லாப் பாத்து... ஆனைமுதுகு நடுவுல."

துளசிமணி அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். "வேற எடம் சொல்லு."

"ரேஷன் கடைக்குப் பின்னாடி போடலாம். அதுவும் நிக்கும். ஆனா..."

"ஆனா எல்லாம் வேண்டாம். முடிஞ்சுது."

நாற்பத்தியோராம் நாள், ரேஷன் கடைக்குப் பின்னால், பொங்கியண்ணன் முஷ்டி நுழைகிற அகலத்தில் ஒரு குழி துளைத்தார். மத்தியானம் விரிசல் வந்து குழியின் விளிம்பைத் தொட்டது, நின்றது. திரையிலும் நின்றது. சத்தம் மட்டும் வரவில்லை. அதற்குள் மேளம் வந்துவிட்டது, சென்னியப்பன் பலகையில் 'விரிசல் விடுமுறை' என்று எழுதினார், துளசிமணி வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாருக்கும் தன் செலவில் டீ சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து விரிசல் குழிக்கு அந்தப் பக்கம் பதினான்கு முழம் போய்விட்டிருந்தது.

துளசிமணி ஓடிப்போய்ப் பார்த்தாள். குழியைக் காணோம். அந்த இடத்தில் சிமெண்டும் கல்பொடியும் கலந்து, குத்திக் குத்தி இறுக்கி, மேலே கரண்டியால் நைசாகத் தேய்த்து, பாறையோடு பாறையாக அடைத்திருந்தது.

"எவன்டா அடைச்சவன்?"

"நான்தானுங்க" என்றார் பொங்கியண்ணன், பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு. "அன்னிக்குச் சாயந்திரமே அடைச்சுப்போட்டனுங்க."

துளசிமணியின் செருப்பு அவர் காதோரமாகப் பறந்து ரேஷன் கடை ஷட்டரில் விழுந்தது. "உனக்கு அறிவிருக்குதா? தொறந்து கெடக்கத்தான அந்தக் குழியே போட்டோம்!"

பொங்கியண்ணன் செருப்பைப் போய் எடுத்துவந்து அவள் காலடியில் ஜோடியாக வைத்தார். அப்புறம்தான் பேசினார், அவர் குரலிலும் கோபம் இருந்தது.

"அக்கா, உங்ககிட்ட வேலைக்கு வந்த அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'வெடி வெக்காத குழியை ஒரு ராத்திரி தொறந்து போட்டே, கையை ஒடைப்பேன்'னீங்க. சொன்னீங்களா இல்லீங்களா? பதினெட்டு வருசமா எத்தன குழி அடைச்சிருப்பேன்? நீங்க வந்து கையை வெச்சுத் தடவிப் பாத்துட்டுத்தான கூலியே குடுப்பீங்க? சாயந்திரம் ஆச்சுன்னா எங்கையி தானா சிமெண்டைத் தேடுது. நான் என்ன பண்ணட்டும்?"

அந்தச் சட்டத்தை அவள் போட்டதற்குக் காரணம் இருந்தது. சட்டி சுமந்த காலத்தில், திறந்து கிடந்த குழியொன்றில், அவளோடு நடந்துவந்த சிநேகிதி பழனாத்தாளின் கால் போய் மாட்டி எலும்பு முறிந்தது. இரண்டு பேருக்கும் அப்போது பதினாலு வயது. அவளைத் தூக்கிக்கொண்டு துளசிமணிதான் ஓடினாள். அன்றைக்கு மனசில் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். அவளுக்கு யார் மேல் கத்துவதென்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"இனி எங்க போடறது?" என்று சபீனாவிடம் கேட்டாள்.

"நான் அப்பவே 'ஆனா'ன்னு சொல்ல வந்தேன்க்கா. ரேஷன் கடையைத் தாண்டிட்டா அது பத்து ஆள் ஆழத்துக்கு மண்ணுக்குள்ள போயிரும். மறுபடி தலை காட்டறது ஆனைமுதுகுலதான். அதைத் தாண்டினா சுனை."

"அதுக்குள்ள நான் ஆனைமுதுகை அறுத்துத் தூக்கிட்டன்னா?"

சபீனா திரையில் கோடு போகிற வழியை விரலால் தொட்டுக் காட்டினாள். "கல்லு முழுசாக் கிடைக்கும். ஆனா சுனைப் பாறையை அந்தப் பாரம்தான் அழுத்திப் பிடிச்சிட்டு இருக்கு. தூக்குனீங்கன்னா விரிசல் அடியில ஒரே பாய்ச்சல்ல சுனைக்குப் போயிரும்."

துளசிமணி விலை பேசத் தயாரானாள். இரண்டு பேர் கேட்கிற பொருள் ஒன்று இருந்தால் நடுவில் ஒரு விலை இருந்தே தீரும் என்பது அவள் நாற்பது வருசத்தில் கற்ற ஒரே பாடம். கிரேனுக்குச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, சித்திரை வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வடக்குத் தெருவுக்குப் போனாள்.

சுனையோரத்தில் பழனாத்தாள் தண்ணீர் மோந்துகொண்டிருந்தாள். அன்று முறிந்த கால் இன்றைக்கும் கொஞ்சம் சாய்வாகத்தான் நடக்கும். ஊரெல்லாம் துளசிமணியை அக்கா என்றும் முதலாளியம்மா என்றும் கூப்பிட, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இவள் ஒருத்திதான். ஆனால் கூப்பிட்டே பல வருசம் ஆகிவிட்டது. துளசிமணி முதல் லாரி வாங்கிய அன்று, பழனாத்தாள் நொண்டிக்கொண்டே வந்து, அவள் முகத்தைச் சுற்றித் திருஷ்டி கழித்து விரல்களை நெட்டி முறிக்கக் கையை நீட்டினாள். "கையை எடு புள்ள, லோடு நிக்குது" என்று துளசிமணி தட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். அது ஒரு நொடிதான். அந்த நொடியிலிருந்து புறப்பட்டது இருபத்தாறு வருசமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

"பழனா, ஒரு போர் போட்டுத் தர்றேன். ஆயிரம் அடி."

பழனாத்தாள் குடத்தை நிரப்பினாள்.

"சரி, ரெண்டு போர். மோட்டாரும் என்ற செலவு."

பழனாத்தாள் குடத்தின் வாயைக் கையால் வழித்தாள்.

"தண்ணி வர்ற வரைக்கும் தினம் லாரியில தண்ணி. வாசலுக்கே. உங்க தெருவுல யாரும் இனிக் கொடமே தூக்க வேண்டாம். என்ன சொல்றே?"

"ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லு. கூடக் கேக்கறதுன்னாக் கேளு. நான் ஒண்ணு சொல்லுவேன், நீ ஏத்திக் கேப்பே, நான் கொறைப்பேன், எங்கயாச்சும் வந்து நிக்கும்."

"நான் எதுக்கு ஏத்தோணும், நீ எதுக்குக் கொறைக்கோணும்?" என்றாள் பழனாத்தாள். "பெயிண்ட் போட்ட கல்லு உன்னுது. தண்ணி எங்க யாருதும் இல்ல, பாறை ஏந்திட்டு நிக்குது, நாங்க மோந்துக்கறோம். என்னுது இல்லாததுக்கு நான் என்ன வெல சொல்லட்டும்?" லோட்டாவில் தண்ணீர் எடுத்து நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கறே. குடி."

துளசிமணி குடித்தாள். கோடைத் தண்ணீர், அடிப்பாறையின் குளிர்ச்சி நாக்கில் தங்கியது. எதிர்விலை சொல்லாதவரிடம் எப்படிப் பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதமாக அந்த விரிசலிடமும் இதே தொந்தரவுதான்; கத்தினாலும் ஏழு முழம், கும்பிட்டாலும் ஏழு முழம். லோட்டாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து குறைக்கச் சொல்லாமல் வந்த முதல் வார்த்தை அது.

கிரேன் வந்த அன்று, அது கோபத்தோடு புகை விட்டுக்கொண்டு நின்றது, டிரைவர் இறங்கி வந்து எந்தக் கல்லுங்க என்று கேட்டார், துளசிமணி எதுவுமில்லை போ என்றாள். வந்த வாடகைக்காவது சண்டை போடுவாள் என்று ஊர் வேடிக்கை பார்க்கக் கூடியது. கேட்டதைக் கொடுத்து அனுப்பினாள். ஊருக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக ஆச்சரியம் வந்தது. டீக்கடைப் பலகையில் சென்னியப்பன் அதையும் எழுதினார்.

தொண்ணூற்றேழாம் நாள் ஆனைமுதுகில் பொங்கியண்ணன் துளை போட்டார். எந்த இடம் என்று சபீனா அளந்து புள்ளி வைத்தபோது, அது சிவப்பு 'து'வின் சரியான நடுவில் வந்தது. "ரெண்டு விரக்கடை தள்ளிப் போடலாமா கண்ணு?" என்று துளசிமணி பழக்க தோசத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "போடு, போடு" என்றாள். வெண்கலக் குரல் கொண்ட கல் துளை இறங்க இறங்கக் கத்தியது. வெள்ளைத் தூசி அவள் தலையில் படிந்தது, பன்னிரண்டு வயதில் படிந்த மாதிரியே. தூசி அடங்கியதும் பொங்கியண்ணன் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "சிமெண்ட் மூட்டையெல்லாம் டவுனுக்கு அனுப்பிப்போட்டனுங்கக்கா. எனக்கே என்மேல நம்பிக்கை இல்லீங்க."

ஆனால் கூனம்பாறையில் ஒரு ஓட்டையைத் திறந்து வைப்பது அவ்வளவு லேசான காரியமா? காலையிலேயே ஒரு அம்மாள் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்தாள். இன்னொருத்தர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார், அளவெடுத்த மாதிரி குழிக்குள் உட்காரும் என்றார். சில்லறை போட வந்தார்கள், பால் ஊற்ற வந்தார்கள், வெற்றிலையால் மூட வந்தார்கள். துளசிமணி குழியின் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்து ஒவ்வொருவராகத் திட்டி விரட்டினாள். சும்மா இருக்கிற வெறும் ஓட்டையைச் சும்மா விடுங்கள் என்று சொல்லி அவள் தொண்டை கட்டியது. எதையாவது கொடு என்று ஊரைக் கேட்டிருந்தால் சுலபமாகக் கிடைத்திருக்கும். எதையும் போடாதே என்று கேட்டு வாங்குவது அவள் பார்த்ததிலேயே பெரிய பேரமாக இருந்தது.

தொண்ணூற்றெட்டாம் நாள் உச்சிப்பொழுது. விரிசல் மண்ணைவிட்டு வெளியே வந்து ஆனைமுதுகின் விலாவில் ஏறியது. ஊரே தள்ளி நின்று காதில் பஞ்சை அடைத்துக்கொண்டது. நாயின் காதிலும் அடைத்தார்கள். சபீனா எடைமேடை அறையில் திரைக்கு முன்னால் காதைப் பொத்திக்கொண்டாள். பழனாத்தாள் சுனைப் பக்கத்தில் பஞ்சோடு நின்றாள். துளசிமணியும் அடைத்திருந்தாள்தான்; அந்த நேரம் பார்த்து மஞ்சள் கொண்டுவந்த அம்மாள் மறுபடி வந்து, ஒரு பொட்டு மட்டும், ஒரு சின்னப் பொட்டு, என்று வாயசைக்க, பதில் கேட்காமல் சண்டை போட முடியாமல், அவள் பஞ்சைப் பிடுங்கி எறிந்து, "ஒண்ணும் வேண்டாம், போ தாயி!" என்று கத்தி முடிக்கவும், தலைமுடி அகலத்துக் கோடு சிவப்புப் பெயிண்டுக்குள் நுழைந்து, வட்டத்தின் விளிம்பைத் தொட்டு, உள்ளே விழவும் சரியாக இருந்தது.

அப்போது சத்தம் வந்தது.

அவள் கையைத் தரையில் ஊன்றியபடி அசையாமல் இருந்தாள். விரிசல் வட்டத்துக்கு அந்தப் பக்கம் வரவில்லை. ஒரு நிமிடம், பத்து நிமிடம், அரைமணி. இந்த முறை அரைமணியைக் குறைக்க அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுனையில் தண்ணீர் அசையாமல் வெயிலை வைத்துக்கொண்டிருந்தது. எடைமேடை அறையிலிருந்து சபீனா கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தாள், கணக்கு முடிந்துவிட்டது, கணக்கு முடிந்துவிட்டது என்று கத்தினாள், பஞ்சு அடைத்த ஊர் அதைக் கேட்கவில்லை.

முதலில் பஞ்சை எடுத்தவள் பழனாத்தாள். சாய்ந்து சாய்ந்து மேட்டில் ஏறி வந்தாள்.

"துளசி, சத்தம் வந்துதா?"

"வந்துது."

"எம்மாம் பெருசு? ஊரையே தூக்கிப் போடும்னாங்களே. எனக்கு ஒண்ணும் கேக்கலையே. எப்படி இருந்துது?"

அதற்குள் பொங்கியண்ணனும் சென்னியப்பனும் மஞ்சள்கார அம்மாளும் பஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள், பலகையில் எழுத வேண்டுமல்லவா.

துளசிமணி எழுந்தாள். தலையில் வெள்ளைத் தூசி அப்படியே இருந்தது. பிறகு இரண்டு கையையும் நீட்டி, பழனாத்தாளின் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் முகத்தை மெதுவாக வழித்து, அந்தக் கைகளைத் தன் நெற்றிப்பொட்டின் இரண்டு பக்கமும் கொண்டுவந்து மடக்கி அழுத்தினாள்.

எட்டு விரல் நெட்டி முறிந்தது. சட்டி பிடித்துக் காய்த்துப்போன இரண்டு விரல் முறியவில்லை.

"இப்படித்தான் இருந்துது" என்றாள்.